ஒழுங்கும் ஒழுங்கையும்

அச்சிட்ட துணியை உடுத்தாதவர் நம்மில் எவருமிலர். பேருந்தில் முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவரின் சட்டையிலும், விடுதிக் கொடியில் உலரும் பாவாடையிலும், வீட்டுக் கதவுச் சீலையிலும் ஒரே பூவும் ஒரே கொடியும் மீண்டும் மீண்டும் வந்துகொண்டேயிருக்கின்றன. அவை எங்கே தொடங்குகின்றன, எங்கே முடிந்து மறுபடி தொடங்குகின்றன என்று நாம் தேடுவதில்லை. அவ்வாறு தேடத் தோன்றாமற் செய்வதே அதனை வரைந்தவரின் திறமை என்பதை நான் மிகப் பிந்தியே அறிந்துகொண்டேன். அதனை அறிவதற்கு 40 மீற்றர் துணி பாழாக வேண்டியிருந்தது. அத்துணி என்னுடையதன்று.

எங்கள் ஊர் வன்னியிலே ஒரு குளக்கரைக் கிராமம். 2010ஆம் ஆண்டு நாங்கள் முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது எனக்கு வயது எட்டு. அம்மாவுக்கு உதவியாகக் கிடைத்த கால்மிதித் தையல் இயந்திரம் ஒன்றே எங்கள் வீட்டின் முதற் சொத்து. அதன் ஓசையிலேயே நானும் தம்பியும் படித்தோம். அம்மாவைப் போன்ற பதினொரு பெண்கள் சேர்ந்து ஒரு சிறு சங்கமாக இயங்கினர். கடையில் வாங்கிய சீத்தைத் துணியில் சட்டை தைத்து விற்பதிலும், தாமே அச்சிட்ட துணியில் தைத்தால் நல்ல விலை கிடைக்கும் என்று 2023ஆம் ஆண்டிலே அவர்கள் தீர்மானித்தனர். அவர்களுள் இருவர் திரை அச்சு வேலையைப் பழகி வந்திருந்தனர். சங்க மண்டபத்தில் நீண்ட மேசையொன்றும் போடப்பட்டது. எஞ்சியிருந்த குறை வரைந்து கொடுப்பதற்கு ஆள் இல்லாமை மட்டுமே. “என்ரை மகள் கம்பசிலை நுண்கலையும் ஒரு பாடமாப் படிக்கிறாள், அவள் கீறித் தருவாள்” என்று அம்மா என்னைக் கேளாமலே வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவ்வாக்கினால் எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இப்பொழுது நினைக்க நாணமாக இருக்கின்றது. கலைவரலாற்றில் நல்ல புள்ளி பெற்றவளுக்கு ஒரு துணிக்கோலம் எம்மாத்திரம் என்றே எண்ணினேன். எதை வரைவது என்பதிலும் எனக்கு ஐயமிருக்கவில்லை. ஊர் திரும்பிய நாட்களில் நான் கண்ட பனைகளிற் பல தலையிழந்து நின்றவை. ஆகவே ஓலை விரித்து முழுமையாக நிற்கும் பனையொன்றை வரைய வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. துணியின் அகலம் 115 சென்ரிமீற்றர். கரைகளை விட்டு 112 சென்ரிமீற்றரை நான்காகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு 28 சென்ரிமீற்றர் வரும். அந்தச் சதுரத்தினுள் ஒரு வார காலம் இருந்து ஓலை ஓலையாகப் பனையை வரைந்தேன். தாளின் விளிம்பைக் கோடு தொட்டுவிடுமோ என்ற அச்சத்தால் நாற்புறமும் இரண்டு சென்ரிமீற்றர் இடம் விட்டேன். நான்கு பிரதிகளை ஒட்டிப் பார்த்தேன்; நான்கு பனைகள் அழகாகவே நின்றன. 56 சென்ரிமீற்றர்ச் சதுரமான அந்த ஒட்டுத்தாளைக் கொண்டே திரை தயாரிக்கப்பட்டது.

திரை அச்சு முறை பார்ப்பதற்கு எளியது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசி உலர்த்துவர். ஊடுகாட்டும் தாளில் கறுப்பு மையால் வரைந்த படத்தை அதன்மேல் வைத்து ஒளிபடச் செய்வர். கறுப்பு மறைத்த இடங்களிலே பசை இறுகாது நீரோடு கழுவுப்பட்டுப் போகும். அவ்விடங்களினூடாகவே சாயம் துணிக்கு இறங்கும். மேசையின் ஓரத்தில் அளந்து தறைத்த அடையாளங்களில் சட்டத்தை முட்டவைத்து, றப்பர் விளிம்புள்ள பலகையால் சாயத்தை ஒருமுறை இழுத்தால் ஒரு கட்டம் பதிந்துவிடும். அடுத்த கட்டத்தை உடனே அச்சிடலாகாது. ஈரச் சாயத்தின்மேல் சட்டம் பட்டால் கறைபடியும். ஆகவே ஒன்றைவிட்டு ஒன்றாக அச்சிட்டுச் சென்று, அவை உலர்ந்தபின் திரும்பி வந்து இடைவெளிகளை நிரப்புவர். 40 மீற்றர் துணிக்கு அச்சட்டத்தை ஏறத்தாழ 140 தடவை தூக்கி வைக்க வேண்டும். இரண்டு நாட்கள் அப்பெண்கள் குனிந்த முதுகு நிமிராது உழைத்தனர்.

உலர்ந்த துணியை மண்டபத்து முற்றத்திலே கொடிகட்டி விரித்தபோதுதான் அது கண்ணிற்பட்டது. பனைகளைக் காணவில்லை. காணப்பட்டவை வெள்ளைக் கோடுகளே. நான் அச்சத்தால் விட்ட இரண்டு சென்ரிமீற்றர், அயற்கட்டத்தின் இரண்டு சென்ரிமீற்றரோடு சேர்ந்து நான்காகி, நெடுக்காகவும் குறுக்காகவும் துணி முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தாளில் ஒழுங்காகத் தோன்றிய இடைவெளி ஏறத்தாழ 570 தடவை திரும்பியபோது வேறொன்றாகிவிட்டது. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர், சங்கத்தில் மூத்தவரான அக்கா ஒருவர் மெதுவாகச் சொன்னார்:

“பிள்ளை, பனையெல்லாம் நல்ல வடிவு. ஆனா இடையிலை ஒரு ஒழுங்கை ஓடுதே?”

இன்னொருவர் சிரித்துக்கொண்டே, “நாங்கள் நடந்த றோட்டுக் காணும் பிள்ளை, உடுப்பிலையும் வேணுமே?” என்றார். எல்லோரும் சிரித்தனர், அம்மாவும் சிரித்தார். அச்சிரிப்பிலே கோபம் துளியும் இருக்கவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

அன்றிரவு அம்மா துணியைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு இரண்டாவது குறையையும் காட்டினார். அது எனக்குத் தோன்றியிராத ஒன்று. “உந்தப் பனையை நான் எப்பிடி வெட்டிறது? பாவாடைத் துண்டுகளை ஒண்டை நேராயும் மற்றதைத் தலைகீழாயும் வைச்சு வெட்டினால்தான் துணி மிஞ்சும். அப்பிடி வெட்டினால் அரைவாசிப் பனை தலைகீழா நிக்கும்.” துணியென்பது சுவரிலே தொங்கும் படமன்று, கத்தரிக்கோலுக்கு இரையாகப்போகும் பொருள் என்பதை நான் ஒருகணமேனும் எண்ணியிருக்கவில்லை. அத்துணி தலையணையுறைகளாகவும் மேசைவிரிப்புகளாகவும் மலிவாக விற்கப்பட்டது. சங்கத்தின் சேமிப்பிற் பெரும்பங்கு அதனோடு போயிற்று.

பல்கலைக்கழகம் திரும்பியபின் நூலகத்திலே நான் தேடியவை பரீட்சைக்கு உதவாத நூல்கள். துணிக்கோலம் என்றால் முதலில் எதிர்ப்படுபவர் ஆங்கிலேயராகிய வில்லியம் மொறிஸ். 1883ஆம் ஆண்டில் அவர் வரைந்த ‘ஸ்ட்ரோபெரித் திருடன்’ என்னும் துணிக்கோலம் இன்றும் அச்சிடப்படுகின்றது. தம் தோட்டத்துப் பழங்களைப் பறவைகள் திருடுவதைக் கண்டு வரைந்த கோலம் அது. முழுத்துணியையும் அவுரி நீலத்தில் தோய்த்து, வேண்டிய இடங்களில் நீலத்தை வெளிறச்செய்து, அவ்விடங்களிற் சிவப்பும் மஞ்சளும் ஏற்றும் கடினமான முறையிலே அது அச்சிடப்பட்டது. என்னைக் கவர்ந்தது அதன் நிறமன்று. பறவைகளுக்கிடையே வெற்றிடமென்று ஒன்று இல்லவேயில்லை. ஒரு கொடியின் வளைவு முடியுமிடத்தில் இன்னோர் இலை தலைகாட்டுகின்றது. கட்டத்தின் விளிம்பு எங்கே என்று விரலால் தடவித் தேடினாலும் அகப்படுவதில்லை.

இந்த மொறிஸ் தம் நூல்களை அச்சிட்ட அச்சியந்திரத்திலேயே பின்னர் நம் நாட்டவர் ஒருவரின் நூல் அச்சாயிற்று என்பது பலர் அறியாத செய்தி. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலே அது. கண்டிக் காலத்துச் சிற்பிகளும் ஓவியர்களும் கையாண்ட பூக்களையும் கொடிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கும் அந்நூலைப் படித்தபின், வகுப்புச் சுற்றுலாவிற் கண்ட தெகல்தொறுவைக் குகைக் கோயிலின் ஓவியங்கள் எனக்குப் புதிதாகத் தோன்றின. பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சுவரோவியங்களிலே மனிதர்களுக்கும் மரங்களுக்கும் இடையிலுள்ள செந்நிற வெளியெங்கும் பூக்கள் தூவப்பட்டிருக்கின்றன. அவற்றை வெறும் அலங்காரமென்றே முன்னர் குறிப்பெழுதியிருந்தேன். இடைவெளியை இடைவெளியாக விட்டால் கண் அங்கே வழுக்கி ஓடிவிடும் என்பதை அவ்வோவியர் அறிந்திருந்தார் என்பது இப்பொழுது விளங்கியது.

கணிதநூலொன்றிலும் ஒரு செய்தி கிடைத்தது. இருபுறமும் முடிவின்றித் திரும்பிவரும் கோலமொன்று கொள்ளக்கூடிய சமச்சீர் அமைப்புகள் 17 வகை மட்டுமே என்பதை உருசிய அறிஞர் பெடரோவ் 1891ஆம் ஆண்டு நிறுவினார். பூ எதுவாயினும், நிறம் எதுவாயினும், நெய்தவர் எந்நாட்டவராயினும் அக்கோலம் இப்பதினேழினுள் ஒன்றாகவே அடங்கும். என் பனை அவற்றுள் மிக எளிய வகையைச் சேர்ந்தது. அப்படியே நகர்ந்து அப்படியே நிற்பது. பிழை அவ்வகையிலன்று, அதை நான் கையாண்ட விதத்திலேயே இருந்தது. ஆயினும் அதைத் திருத்தும் வழி நூலகத்தில் அகப்படவில்லை. அது எங்கள் முற்றத்தில் அகப்பட்டது.

2024ஆம் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு ஊர் சென்றிருந்தேன். விடிவதற்கு முன் அம்மம்மா முற்றத்தை மெழுகி அரிசிமாவாற் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயதைக் கடந்த அவர் எந்த அளவுகோலுமின்றிப் புள்ளிகளை வைத்துக்கொண்டே போனார். நான் அருகிலிருந்து என் துணிக்கு நேர்ந்த கதையைச் சொன்னேன். அவர் தலைநிமிராமலே, “நேர்ப்புள்ளி வைச்சால் நடுவிலை தெருப்போலத்தான் கிடக்கும். ஊடுபுள்ளி வைச்சுப் பார்” என்றார். கோலத்திலே புள்ளிக்கு நேரே புள்ளி வைப்பது நேர்ப்புள்ளி. ஒரு வரியின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவாக அடுத்த வரியின் புள்ளியை வைப்பது ஊடுபுள்ளி. துணி வரைவோர் ஒரு கட்டத்துக்கு அருகில் அடுத்த கட்டத்தை அரையுயரம் கீழிறக்கி வைப்பதைப் பற்றி நான் நூலகத்திற் பக்கம்பக்கமாகப் படித்திருந்தேன். அது சிறுவயது முதல் என் காலடியிற் கிடந்த ஊடுபுள்ளியே என்பது அம்மம்மா சொல்லும்வரை எனக்குத் தோன்றவில்லை.

இம்முறை பனையைக் கைவிட்டேன். தலையும் காலும் உடைய ஒன்றைத் தலைகீழாக வெட்டமுடியாது. எங்கள் வேலியிலே கதியாலாக நட்டுத் தழைத்த பூவரசை எடுத்துக்கொண்டேன். அதன் இதயவடிவ இலை எப்பக்கமும் திரும்பும். மஞ்சட்பூ மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் மலரும். கிளையொன்றை முறித்துவந்து மேசையில் வைத்து, பாதி இலைகளை மேலும் பாதியைக் கீழும் திருப்பி வரைந்தேன்.

வரையும் முறையையும் எங்கள் விரிவுரையாளர் ஒருவரிடம் புதிதாகக் கற்றேன். முதலில் தாளின் நடுவிலே மட்டும் வரையவேண்டும், விளிம்பைத் தொடவேண்டியதில்லை. பின்னர் தாளை நெடுக்காக இரண்டாக வெட்டி, இடப்பாதியை வலமாகவும் வலப்பாதியை இடமாகவும் மாற்றிப் பின்புறம் ஒட்டவேண்டும். அவ்வாறே குறுக்காகவும் வெட்டி மேலைக் கீழாகவும் கீழை மேலாகவும் மாற்றவேண்டும். இப்பொழுது முன்னர் விளிம்பாயிருந்த வெற்றிடம் தாளின் நடுவுக்கு வந்துவிடும். நடுவிலிருந்த பூக்களோ விளிம்புகளில் வெட்டுண்டு நிற்கும். நடுவிலுள்ள வெற்றிடத்தை விளிம்பைத் தொடாமல் நிரப்பிவிட்டால், எப்பக்கம் ஒட்டினாலும் பொருந்தும் கட்டம் கிடைத்துவிடும். அயற்கட்டத்தை அரையுயரம் இறக்குவதாயின் பக்கவாட்டில் மாற்றி ஒட்டும்போது 14 சென்ரிமீற்றர் கீழிறக்கி ஒட்டவேண்டும். வரைந்த படத்தைத் தன் கையாலேயே வெட்டுவதற்கு முதன்முறை மனம் ஒப்பாது. ஒரு நல்ல இலையின் நடுவே கத்தரிக்கோல் செல்கையில் எனக்குக் கை நடுங்கியது. ஆனால் விளிம்பை நடுவுக்குக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதன்முறை நான் அஞ்சி விலகிய இடம் அதுவே.

நிறங்களையும் குறைக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்திரை வேண்டும். ஒவ்வொரு திரைக்கும் செலவுண்டு. நீலமும் மஞ்சளும் மட்டும் என்று தீர்மானித்தோம். நீல இலைமேல் மஞ்சட்பூவின் ஓரம் சிறிது படியுமாறு வரைந்தால், ஊடுகாட்டும் சாயத்தில் அவ்விடம் பச்சையாகும். மூன்றாவது திரையின்றி மூன்றாவது நிறம் கிடைத்துவிடும்.

கட்டம் தயாரானதும் நகரத்திலே பதினாறு நிழற்பிரதிகள் எடுத்து, மண்டபச் சுவரில் ஊடுபுள்ளி முறையில் ஒட்டினேன். எல்லோரும் முற்றத்தின் மறுகரைக்குப் போய்க் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தோம். ஒழுங்கை இல்லை. ஆனால் வேறொரு குறை தோன்றியது. இலைகளுள் ஒன்றைப் புழு அரித்த துளைகளோடு மிகுந்த விருப்பத்தோடு வரைந்திருந்தேன். கையால் வரைந்தது என்பதற்கு அதுவே சான்று என்று எனக்குள் ஒரு மகிழ்ச்சி. பதினாறு தாள்களிலும் அந்த இலை ஒன்றே முன்வந்து நின்றது. சரிவாக ஓடும் அம்மைத் தழும்புபோல் அத்துளைகள் வரிசையிட்டன. ஒரு தடவை வரும்போது அழகாக இருக்கும் ஒன்று, ஓயாமல் திரும்பி வரும்போது தொல்லையாகிவிடுகின்றது. அதை அழித்து, மற்ற இலைகளைப் போன்ற ஓர் இலையை அங்கே வரைந்தேன். பனையைக் கைவிட்டபோது இல்லாத வருத்தம் அத்துளைகளை அழித்தபோது இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இம்முறை 20 மீற்றர் மட்டுமே அச்சிட்டோம். துணியை முன்னரே நன்றாகத் துவைத்துச் சுருங்கவிட்டனர். முதலில் மஞ்சள், அது உலர்ந்தபின் நீலம். கடைசியாகச் சாயம் நிலைப்பதற்கு ஒவ்வொரு முழமாகச் சூடான மின்னழுத்தியால் தேய்த்தனர். நானும் இரண்டு நாட்கள் சட்டம் தூக்கினேன். அப்பொழுதுதான் முதல் தடவை அப்பெண்கள் தூக்கிய 140 தடவையின் பாரம் எனக்குத் தெரிந்தது. துணியைக் கொடியில் விரித்தபோது ஒழுங்கை பற்றிச் சொன்ன அதே அக்கா வந்து நின்று நெடுநேரம் பார்த்தார். “எங்கையிருந்து தொடங்கினது எண்டு தெரியேல்லை” என்றார். நான் பெற்ற புள்ளிகளுள் அதுவே உயர்ந்தது.

அம்மா அத்துணியிற் பாவாடைகளும் சிறுமியர் சட்டைகளும் தைத்தார். துண்டுகளை நேராகவும் தலைகீழாகவும் அடுக்கி வெட்டியதால், 20 மீற்றரில் அவர் கணக்கிட்டதைவிட இரண்டு சட்டைகள் கூடுதலாகக் கிடைத்தன. அவை விற்றன, அதன்பின் இன்னும் இருமுறை அதே திரைகளால் அச்சிட்டனர். ஆயினும் முதல் தடவை இழந்த பணம் இதுவரை முழுமையாக மீளவில்லை. அப்பணத்தைப் பற்றி அப்பெண்களுள் எவரும் என்னிடம் பேசியதுமில்லை.

கோலம் வரைபவர் ஒரு கட்டத்தையே வரைகின்றார். உடுப்பவரோ ஒருபோதும் ஒரு கட்டத்தைக் காண்பதில்லை. அவர் காண்பது கட்டங்களின் உறவை. அதனாற் கட்டத்தினுள் எவ்வளவு நுண்மையாக வரைந்தாலும், அயலிலே என்ன நிற்கும் என்று எண்ணாதவரின் உழைப்பு வீணாகின்றது. நான் என் எல்லைக்குள் ஒழுங்காக இருந்தேன். எல்லைகள் சேர்ந்தபோது ஒழுங்கை பிறந்தது. இதை அம்மம்மா மாவாலும், அம்மா கத்தரிக்கோலாலும் எனக்கு முன்னரே அறிந்திருந்தனர். நான் அறிந்திருந்ததோ கலைவரலாறு. அவர்களிடம் முன்னரே கேட்டிருந்தால் 40 மீற்றர் துணி தப்பியிருக்கும்.

பனைத்துணியில் விற்காமற் கிடந்த இரண்டு மீற்றரை அம்மா என்னிடம் தந்தார். அதை என் விடுதியறை யன்னலுக்குத் தொங்கவிட்டிருக்கின்றேன். காலையில் வெயில் ஏறும்போது பனைகள் கறுத்துவிடுகின்றன. இடையிலுள்ள ஒழுங்கைகள்தாம் முதலில் ஒளிர்கின்றன. அறைத்தோழி அவற்றை அழகென்கின்றாள். நான் அவளுக்கு இன்னும் இக்கதையைச் சொல்லவில்லை.